வாசல் யாருடையது?

பொருள்நோக்கு நிரலாக்கம் கற்றுத்தரும் புத்தகங்கள் பெரும்பாலும் காரையோ நாயையோ உதாரணம் காட்டும். புதுச்சேரிக்காரர்களுக்கு அது எதற்கு? பழைய ஊரின் வீடுகளே போதும்.

பெரிய வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் பகுதி. பழைய வீடு என்றால் தெருவோரம் தாழ்வாரம், திண்ணை, உள்ளே முற்றம். இந்த அமைப்பை ஒருமுறை எழுதிவைத்தால் அது ‘கிளாஸ்’, அதாவது இனக்குழு. அதன்படி எழும் ஒவ்வொரு வீடும் ‘ஆப்ஜெக்ட்’, பொருள். கதவெண்ணும் சுவரின் நிறமும் வீட்டுக்கு வீடு வேறு. ஒரு வீட்டுக்கு வெள்ளையடித்தால் பக்கத்து வீடு வெளுக்காது.

திண்ணையில் யாரும் உட்காரலாம். அடுப்படிக்குள் நுழைய முடியாது. தண்ணீர் வேண்டுமென்றால் கேட்க வேண்டும், வீட்டார் கொண்டுவந்து தருவார்கள். நிரலிலும் உள்விவரத்தை மறைத்து, கேட்டுப்பெறும் வழியை மட்டும் திறந்துவைப்பது உறைபொதியாக்கம். பெயர்தான் பயமுறுத்தும்.

கடற்கரைப் பக்கத்துப் பிரெஞ்சு வீட்டுக்கு உயர்ந்த மதில், பெரிய கேட். ‘விருந்தாளியை உள்ளே விடு’ என்று சொன்னால் தமிழ் வீடு திண்ணைக் கதவைத் திறக்கும், பிரெஞ்சு வீடு கேட்டைத் திறக்கும். கட்டளை ஒன்றே, நடப்பது வேறு. இது பல்லுருவாக்கம்.

சுவாரசியம் வைசியாள் வீதியில் இருக்கிறது. அங்கே சில வீடுகளில் கீழே திண்ணையும் தாழ்வாரமும், மாடியில் பிரெஞ்சுச் சாயல். ஓர் இனக்குழு தன் தாயிடமிருந்து அமைப்பைப் பெறுவது மரபுரிமம். இங்கே தாய் இரண்டு. இரண்டிலும் ‘வாசல்’ இருந்தால் எதை எடுப்பது? சி பிளஸ் பிளஸ், எது வேண்டுமென்று நீங்கள் சொல்லும்வரை பிழை காட்டி நிற்கும். பைத்தான் முதலில் எழுதிய தாயின் வாசலை எடுத்துக்கொள்ளும். ஜாவா இரண்டு தாய் இனக்குழுக்களை ஏற்பதே இல்லை. வைசியாள் வீதி மேஸ்திரிகள் தயங்கவில்லை. வாசல் தமிழ் வாசல்தான்.

பொருள்நோக்கு நிரலாக்கச் சிந்தனை பிறந்தது நார்வேயில். ஆஸ்லோவில் உள்ள நார்வே கணினி மையத்தில் ஓலே-யோஹான் டால், கிறிஸ்டன் நிகார்ட் இருவரும் நிஜ உலக நிகழ்வுகளைக் கணினியில் நடத்திப் பார்க்க உருவாக்கிய ‘சிமுலா 67’ மொழியில்தான் இனக்குழுவும் மரபுரிமமும் முதலில் வந்தன. 2001ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது அவர்களுக்குக் கிடைத்தது.

பைத்தான் 3இல் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே வைக்கலாம். ‘தமிழ்வீடு’, ‘பிரெஞ்சுவீடு’ என இரண்டு இனக்குழுக்களை எழுதி, இரண்டிலும் ‘வாசல்’ வைத்து, அவற்றிலிருந்து ‘வைசியாள்வீடு’ என்று மூன்றாவதைப் பிறப்பியுங்கள். பிறகு தாய்களின் வரிசையை மாற்றி ஓட்டிப் பாருங்கள், வாசல் மாறும்.