காரவள்ளியில் மூணு மணி நேரம்

காலை அஞ்சரை மணி. கொல்லிமலை அடிவாரம், காரவள்ளி. சென்னையிலிருந்து ராத்திரி முழுக்க ஓட்டிட்டு வந்த டிரைவர் அண்ணன், "மலை ஏறணும்னு யாருமே சொல்லலையே தம்பி" என்றார். தப்பு என்னோடது. புக் பண்ணும்போது 'நாமக்கல் பக்கம்' என்று மட்டும் சொல்லியிருந்தேன். மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள்.

வெளியூர் டாக்ஸிக்கு கிலோமீட்டர் ரேட் மட்டும் பார்த்தா போதாது. டிரைவர் பேட்டா, டோல், மலைக்குத் தனி சார்ஜ் எல்லாம் சேர்ந்ததுதான் பில். பல இடங்களில் நாள் கணக்கு நள்ளிரவுல மாறிடும். நாங்க கிளம்பினது ராத்திரி பத்து மணிக்கு. அந்த ரெண்டு மணி நேரத்துக்கே ஒரு நாள் பேட்டா!

அது போகட்டும். ராத்திரி கிளம்பினா நேரம் மிச்சம்னு போட்ட பிளான்ல நாங்க பின் சீட்ல தூங்கினோம், அவர் தூங்கலை. மலை இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்ப முடியாது; கியரைக் குறைச்சு இன்ஜினாலேயே வேகத்தைப் பிடிக்கணும். கண் சொருகுற ஆள்கிட்ட அதை எப்படிக் கேட்பது?

மலை சார்ஜை அங்கேயே பேசி முடிச்சோம். அண்ணன் சீட்டைச் சாய்ச்சு மூணு மணி நேரம் தூங்கினார். நண்பன் முணுமுணுத்துக்கிட்டே ரெண்டாவது டீ சொன்னான். ஒன்பது மணிக்கு முதல் வளைவு.