கிராசோவர் தானுந்து

கிராசோவர் என்பது, சாதாரணத் தானுந்தைப் போல உடலும் அடிச்சட்டமும் ஒரே கூடாக அமைந்து, தரையிலிருந்து சற்று உயர்ந்து நிற்கும் குடும்ப வண்டி வகையாகும். 1994 இல் வெளிவந்த டொயோட்டா ராவ் 4 இதன் முன்னோடிகளுள் ஒன்று. பொலேரோ போன்றவற்றில் உடல் தனியே, ஏணி வடிவச் சட்டத்தின்மேல் பொருத்தப்படும். அவை கரடுமுரடான வழிக்கு ஏற்றவை, நெடுஞ்சாலையில் குலுக்கல் மிகுதி.

உயரத்தைக் கண்டு சேற்றிலும் செல்லும் எனக் கருதலாகாது. இந்தியாவில் விற்கப்படும் கிராசோவர்களில் பெரும்பாலானவற்றில் முன்சக்கரங்கள் மட்டுமே இயக்கப்படுகின்றன. விருதுநகர் மாவட்டத்தின் ஏழாயிரம்பண்ணை போன்ற கரிசல் ஊர்களில் இக்குறை ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளிப்படும். கரிசல் மண் நீரில் உப்பி, பசைபோல் டயரின் பள்ளங்களை நிரப்பிவிடும். பிடியிழந்த ஒரு சக்கரம் வெறுமனே சுழல, அதன் இணைச் சக்கரத்துக்கும் போதிய விசை கிடைக்காது. ஒரகடத்தில் செய்யப்பட்டு 2012 இல் விற்பனைக்கு வந்த ரெனோ டஸ்டரில், 2014 இல் நான்கு சக்கர இயக்க வடிவம் சேர்ந்தது. இவ்வமைப்பு பின்சக்கரங்களையும் உந்தும். ஆனால் தேய்ந்த டயருக்குப் பிடி தராது.

தரை இடைவெளி பெரும்பாலும் சுமையற்ற நிலையில் அளந்தே சொல்லப்படுகிறது. 2023 இல் சரக்கு சேவை வரி மன்றமும், வரிக்கான 170 மில்லிமீட்டர் அளவை அந்நிலையிலேயே கொள்ளவேண்டும் எனத் தெளிவுபடுத்தியது. ஐவரும் மூட்டைகளும் ஏறினால் இடைவெளி குறையும். ஆகவே குடும்பத்துடன் ஏறி ஓட்டிப்பார்த்து வாங்குவதே முறை.

ஆண்டில் சில நாள் மட்டும் மண்பாதையில் செல்வோருக்கு முன்சக்கர இயக்கமும் பள்ளம் தேயாத டயர்களும் போதும். (சிக்கினால் எவ்வண்டிக்கும் டிராக்டர்தான் துணை.)