காப்பீடு எட்டாத சுகர் ஸ்ட்ரிப்

சுகர் மிஷினை மகனோ மகளோ எப்படியாவது வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். அதோடு வந்த ஸ்ட்ரிப் டப்பா தீர்ந்த மறுநாள்தான் சிக்கல் தொடங்குகிறது. கடையில் ஒரு ஸ்ட்ரிப் ஏறக்குறைய 15 முதல் 25 ரூபாய் வரை விற்கிறது. இன்சுலின் போடுகிற ஒருவர் நாளுக்கு இரண்டு முறை பார்த்தால் மாதம் 900 முதல் 1,500 ரூபாய் ஆகும். தூத்துக்குடி திரேஸ்புரத்தில் நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறவருக்கும், முத்தையாபுரத்து உப்பளத்தில் அன்றாடக் கூலிக்கு நிற்கிற பெண்ணுக்கும் இது பெரிய தொகை. மிஷின் அலமாரிக்குள் போய்விடுகிறது. சுகர் என்ன ஆனதென்று யாருக்கும் தெரிவதில்லை.

"காப்பீட்டு அட்டை இருக்கே, அதுல வாங்க முடியாதா?" என்று பலரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இன்றைய நிலையில் பதில், பெரும்பாலும் முடியாது என்பதுதான். ஏன் முடியாது, முடியாதபோது வேறு எந்த வாசலைத் தட்டலாம் என்பதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

அட்டை எதற்குப் பணம் தருகிறது

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி 2012 முதல் இன்றைய பெயரில் நடந்துவருகிறது. 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. இதில் சேர்வதற்கான குடும்ப ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. மாரடைப்பு வந்தால் ஆஞ்சியோபிளாஸ்டி, சிறுநீரகம் கெட்டால் டயாலிசிஸ் என்று பெரிய செலவுகளைத் தாங்குகிற திட்டம் இது. இந்தக் கடற்கரையில் எத்தனையோ குடும்பங்கள் கடனில் மூழ்காமல் இருப்பதற்கு இந்த அட்டையே காரணம். ஆனால் வீட்டில் உட்கார்ந்து விரலைக் குத்திப் பார்க்கிற செலவுக்கு இதில் இடமில்லை.

மீனவர்களுக்கென்று உள்ள குழு விபத்துக் காப்பீடும் வேறு நோக்கம் கொண்டது. உயிரிழப்புக்கு 5 லட்சம், நிரந்தரப் பகுதி ஊனத்துக்கு 2.5 லட்சம், விபத்தில் மருத்துவமனையில் சேர்ந்தால் 25,000 ரூபாய் வரை. கடலில் நேரும் விபத்து அதில் உண்டு. உடலுக்குள் மெல்ல நேரும் சேதம் இல்லை.

தனியார் மெடிக்கிளெய்ம் பாலிசி வைத்திருப்பவர்கள் அதன் விலக்குப் பட்டியலை ஒருமுறை எடுத்துப் படிக்க வேண்டும். வீட்டில் பயன்படுத்தும் குளுக்கோமீட்டர், தெர்மாமீட்டர் போன்ற கருவிகளுக்குப் பணம் கிடையாது என்று பெரும்பாலான பாலிசிகளில் அச்சிட்டே இருக்கும். வீட்டிலேயே சிகிச்சை பெறுவதற்கு என்று ஒரு பிரிவு உண்டு. நோயாளியை நகர்த்த முடியாத நிலை, அல்லது மருத்துவமனையில் படுக்கை இல்லாத நிலை, அதுவும் சிகிச்சை மூன்று நாளுக்கு மேல் நீண்டால் அது பொருந்தும். அங்கேயும் சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், ஆஸ்துமா ஆகியவற்றைப் பல பாலிசிகள் பெயர் சொல்லியே ஒதுக்கிவிடுகின்றன.

ஒரு விஷயத்தில் மட்டும் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. மருத்துவமனையில் சேர்ந்திருக்கும்போது சுகர் பார்த்ததற்கான ஸ்ட்ரிப் செலவைச் சிகிச்சைக் கட்டணத்துக்குள்ளேயே அடக்க வேண்டும் என்கிறது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பட்டியல். தனி பில் போட்டு உங்களிடம் பணம் கேட்டால் அந்தப் பட்டியலைச் சொல்லிக் கேள்வி கேட்கலாம். அதேபோல வீடு திரும்பிய பிறகு, பாலிசியைப் பொறுத்து 60 அல்லது 90 நாள் வரை, அதே நோய்க்காக டாக்டர் எழுதிய மருந்துக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் பணம் கோரலாம். காலில் புண்ணாகி அறுவைசிகிச்சை முடிந்து வந்தவருக்கு இந்த நாட்கள் பெரிய உதவி. டாக்டர் சீட்டையும் பில்லையும் பத்திரமாக வையுங்கள். கோரிக்கையைக் காரணமின்றி மறுத்தால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், ஆணையத்தின் 155255 எண்ணையும் அழைக்கலாம். அதற்கும் பலன் இல்லையென்றால் சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

மற்ற நாடுகளில்

அமெரிக்காவில் முதியோருக்கான மெடிக்கேர் காப்பீடு மிஷினுக்கும் ஸ்ட்ரிப்புக்கும் பணம் தருகிறது. இன்சுலின் போடுபவருக்கு மூன்று மாதத்துக்கு 300 ஸ்ட்ரிப், மற்றவர்களுக்கு 100. இங்கிலாந்தில் இன்சுலின் போடுகிறவர்களுக்கு அரசு டாக்டரே சீட்டில் எழுதிக் கொடுக்கிறார். கொரோனா காலத்திலும் இதே வேறுபாட்டைப் பார்த்தோம். வீட்டில் செய்யும் கொரோனா பரிசோதனை கிட்டுக்கு 2021 மே மாதம் இங்கே அனுமதி கிடைத்தபோது 250 ரூபாயை நாமே கொடுத்தோம். அமெரிக்காவில் 2022 ஜனவரி முதல் 2023 மே வரை, ஒருவருக்கு மாதம் எட்டு கிட்டுக்குத் தனியார் காப்பீடு பணம் கொடுத்தாக வேண்டியிருந்தது. நோய் முற்றிப் படுத்தபின் தருகிற பணத்தில் ஒரு சிறு பங்கை முன்கூட்டியே தந்தால் செலவு குறையும் என்ற கணக்கு அங்கே ஏற்கப்பட்டிருக்கிறது.

இங்கே அந்தக் கணக்கு இன்னும் அவசரமானது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2023இல் வெளியிட்ட ஆய்வுக் கணக்குப்படி இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய். தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். 2020இல் மாநிலம் முழுவதும் எடுத்த ஸ்டெப்ஸ் என்ற சுகாதார ஆய்வில், நோய் இருப்பவர்களில் சுகரைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 10.8 சதவீதம், பிரஷரைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3 சதவீதம் மட்டுமே என்று தெரியவந்தது.

வாசலுக்கு வரும் மிஷின், கடலில் இருக்கும் ஆள்

ஸ்டெப்ஸ் எண்கள் கொடுத்த அதிர்ச்சியில் பிறந்ததுதான் தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. சுகாதாரப் பெண் தன்னார்வலர் ஒருவர் பிரஷர் மிஷினும் சுகர் மிஷினும் கொண்டு வீட்டுக்கு வருகிறார், பார்க்கிறார், குறித்துக்கொள்கிறார், மாத்திரையையும் கையில் தருகிறார். 45 வயதைக் கடந்தவர்களுக்கும் நடமாட முடியாதவர்களுக்கும் முன்னுரிமை. 2024இல் இந்தத் திட்டத்துக்கு ஐக்கிய நாடுகள் அவையின் விருது கிடைத்தது. ஸ்ட்ரிப்புக்குக் காப்பீடு இல்லாத மாநிலத்தில் அதற்கு ஈடாக நம்மிடம் இருப்பது இதுதான், இதை நான் மனதார மதிக்கிறேன். உங்கள் தெருவுக்குத் தன்னார்வலர் வரவில்லை என்றால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ப் பெயரைப் பதிவு செய்யுங்கள். 104ஐ அழைத்தும் கேட்கலாம்.

ஆனால் தூத்துக்குடிக்கென்று ஒரு தடை இருக்கிறது. விசைப்படகு அதிகாலை 5 மணிக்குக் கடலுக்குப் போய் இரவு 9 மணிக்குள் கரை திரும்ப வேண்டும் என்பது விதி. தன்னார்வலர் பகலில் வருகிறார். மனைவிக்கு அளவு பார்க்கப்படுகிறது, மாமியாருக்குப் பார்க்கப்படுகிறது, படகில் இருப்பவருக்குப் பார்க்கப்படுவதில்லை. விடியுமுன் வேலை தொடங்கும் உப்பளத்திலும் இதே கதை. மாத்திரை வீட்டுக்கு வந்துவிடும், அளவு மட்டும் பார்க்காமலே கிடக்கும்.

இதற்குத் தீர்வு கடினமானதல்ல. தூத்துக்குடி விசைப்படகுகள் ஞாயிற்றுக்கிழமை பொதுவாகத் தொழிலுக்குப் போவதில்லை. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், அப்போது விசைப்படகுக்காரர்கள் எல்லோரும் கரையில்தான். இந்த நாட்களில் மீன்பிடித் துறைமுகத்திலும் திரேஸ்புரம் கரையிலும் மேசை போட்டு உட்கார்ந்தால் விடுபட்டவர்களில் பெரும்பாலோரைப் பிடித்துவிடலாம். தொழிலிடங்களுக்கே போய்ப் பார்க்கும் தொழிலாளரைத் தேடி மருத்துவம் 2024 ஜனவரியில் தொடங்கியது. உப்பளமும் ஐஸ் ஆலையும் மீன் ஏற்றுமதிக் கம்பெனியும் தொழிலிடம்தான். அங்கே வரச் சொல்லிக் கேட்கும் உரிமை தொழிலாளிக்கும் உண்டு, முதலாளிக்கும் உண்டு.

சம்பளத்தில் பிடிக்கிறார்களா?

சரக்குப் பெட்டக நிலையங்கள், ஒப்பந்த நிறுவனங்கள், இறால் பதனிடும் ஆலைகள் இங்கெல்லாம் மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குபவர்களுக்குத் தொழிலாளர் அரசுக் காப்பீடான இஎஸ்ஐ இருக்க வேண்டும். தொழிலாளியிடம் 0.75 சதவீதம், முதலாளியிடம் 3.25 சதவீதம் பிடிக்கிறார்கள். மற்ற காப்பீடுகளுக்கும் இஎஸ்ஐக்கும் உள்ள முக்கிய வேறுபாடு, இது புறநோயாளிச் சிகிச்சைக்கும் மாத்திரைக்கும் பரிசோதனைக்கும் சேர்த்தே பொறுப்பேற்கிறது. நீங்கள் இன்சுலின் போடுகிறவர் என்றால் ஸ்ட்ரிப் தேவை என்பதை டாக்டரிடம் சொல்லிச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதாத தேவை யாருடைய கணக்கிலும் வராது.

ஓய்வு பெற்ற பலருக்குத் தெரியாத ஒன்று: இஎஸ்ஐயில் குறைந்தது ஐந்து ஆண்டு இருந்து வயது காரணமாக ஓய்வு பெற்றவர், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் அவருக்கும் துணைவருக்கும் மருத்துவ வசதி தொடரும். மாதம் பத்து ரூபாய். இதைக் கட்டாமல் விட்டவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருப்பார்கள் என்று நினைக்கும்போது வருத்தமாக இருக்கிறது.

கையிலிருந்துதான் வாங்க வேண்டும் என்றால்

மக்கள் மருந்தகத்திலும் முதல்வர் மருந்தகத்திலும் முதலில் விலை கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் குளுக்கோமீட்டருக்கும் ஸ்ட்ரிப்புக்கும் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. தனிநபர் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு இருந்த 18 சதவீத வரி அதே நாளில் நீக்கப்பட்டது. பழைய விலை அச்சிட்ட டப்பாவை நீட்டினால் வரிக் குறைப்பைக் கேட்டு வாங்குங்கள். மிஷினை மலிவு பார்த்து வாங்காதீர்கள், ஸ்ட்ரிப்பின் விலையைப் பார்த்து வாங்குங்கள். ஒரு மிஷினுக்கு அதன் ஸ்ட்ரிப் மட்டுமே பொருந்தும்.

பழைய முறையில் வருமானவரி கட்டும் குடும்பங்களுக்கு மருத்துவச் செலவுக்கான வரிக் கழிவு உதவும். காப்பீட்டுப் பாலிசி இல்லாத மூத்த குடிமகனின் மருத்துவச் செலவில் ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை கழிக்கலாம். ரொக்கமாகக் கொடுத்த செலவு இதில் சேராது.

எல்லோருக்கும் தினமும் தேவையா?

தேவையில்லை. இதைச் சொல்லாவிட்டால் மேலே எழுதியதெல்லாம் ஸ்ட்ரிப் விற்பனைக்கு உதவும் எழுத்தாகிவிடும். மாத்திரை மட்டும் போட்டு, அளவு நிலையாக இருப்பவர் தினமும் விரலைக் குத்த வேண்டியதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹெச்பிஏ1சி என்கிற சராசரிச் சுகர் பரிசோதனையை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் செய்துகொண்டால் போதும். இன்சுலின் போடுபவர்கள், கர்ப்பிணிகள், கிளிமிப்பிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை சாப்பிட்டுச் சுகர் தாழ்ந்துபோகும் ஆபத்து உள்ளவர்கள் ஆகியோருக்கு வீட்டுப் பரிசோதனை அத்தியாவசியம்.

சங்குகுளிக்கிறவர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தக் கடலில் முத்துக்குளிப்பு 1961ஓடு நின்றுபோனது. சங்குக்காக மூழ்குவது இன்றும் நடக்கிறது, பலர் கம்ப்ரஸர் குழாயைக் கடித்துக்கொண்டு ஆழம் போகிறார்கள். நீருக்கடியில் சுகர் இறங்கினால் நடுக்கமும் குழப்பமும் வரும், மேலே வரத் தெரியாது. இன்சுலினோ சுகரைத் தாழ்த்தும் மாத்திரையோ எடுப்பவர் டாக்டரிடம் உடல்தகுதி பார்க்காமல் மூழ்கவே கூடாது. படகில் இருக்கும்போது அளவு 70க்குக் கீழே போனால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். படகில் ஒரு டப்பாவில் சர்க்கரை எப்போதும் இருக்கட்டும்.

கடற்காற்றின் ஈரம் ஸ்ட்ரிப்புக்குப் பகை. டப்பாவைத் திறந்து வைக்காதீர்கள், ஃபிரிட்ஜிலும் வைக்காதீர்கள். வெயில் படாத, சூடு ஏறாத இடத்தில் மூடியை இறுக்கி வையுங்கள். திறந்த தேதியை டப்பாமேல் எழுதிவிடுங்கள். மீன் கழுவிய கையோடோ தேநீர் சிந்திய விரலோடோ பார்த்தால் அளவு தப்பாக வரும். சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, விரல் நுனியின் பக்கவாட்டில் குத்துங்கள். வலையும் கயிறும் இழுத்துக் காய்த்த விரலில் நடுவில் குத்தினால் ரத்தம் வராது, வலிதான் மிஞ்சும்.

பிரஷருக்கு ஸ்ட்ரிப் செலவே இல்லை. மேல் கையில் கட்டும் மிஷின் ஒன்று போதும், நான்கு வீட்டுக்குப் பொதுவாகவே வாங்கலாம். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்தபின் பாருங்கள். வீட்டில் அடிக்கடி 135/85க்கு மேல் காட்டினால் டாக்டரைப் பாருங்கள்.

கேட்டுப் பெற வேண்டியது

சிறுநீரகம் செயலிழந்தவர்கள் வீட்டிலேயே வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்ளத் தேவையான பைகளை மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அரசே வீட்டுக்குக் கொண்டுவந்து தருகிறது. ஆக, வீட்டுச் சிகிச்சைப் பொருளுக்கு அரசு பணம் கொடுப்பது புதிதல்ல. சுகர் முற்றினால் சிறுநீரகம் கெடும். கெட்டபின் பை தருகிற அரசு, கெடாமலிருக்க இன்சுலின் போடுகிற ஏழைக்கு மாதம் ஒரு டப்பா ஸ்ட்ரிப் தரலாம். இன்சுலின் அரசு மருத்துவமனையில் இலவசம்தான். அளவு தெரியாமல் போடுகிற இன்சுலின் பாதி வேலைதான் செய்யும், சில நேரம் ஆபத்தும் செய்யும்.

திங்கட்கிழமைதோறும் கோரம்பள்ளத்தில் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. மீனவர் சங்கங்களும் உப்பளத் தொழிலாளர் சங்கங்களும் அங்கே இரண்டு கோரிக்கையை எழுதிக் கொண்டுபோக வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் தடைக்காலத்திலும் கரையிலேயே சுகர், பிரஷர் பார்க்க வேண்டும். இன்சுலின் போடுபவருக்கு இன்சுலினோடு ஸ்ட்ரிப்பும் தர வேண்டும். உங்கள் சங்கம் இதுவரை கேட்காமல் இருந்தால், அடுத்த கூட்டத்தில் நீங்கள் எழுந்து கேளுங்கள்.