கூரையின்மேற் கல்நார்

வட்டவளைக்கும் அட்டனுக்கும் இடையே, மழை மிகுந்த றொசல்லவில், பழைய கூரைகளிற் பாசி படர்வது இயல்பு. இளமையில் நாமும் கூரையேறித் தும்புத்தடியால் அதனைத் தேய்த்ததுண்டு. அறியாமற் செய்த செயல் அது.

தேய்க்குமுன் சீற்று யாதென அறிதல் வேண்டும். தகரத்தை அறிதல் எளிது. தட்டினால் ஒலிக்கும், துருவும் ஏறும். சாம்பல்நிறச் சீமெந்துச் சீற்றே நம்மை மயக்குவது. உடைந்த விளிம்பில் மெல்லிய நார்கள் தென்படின், அஸ்பெஸ்டஸ் எனப்படும் கல்நாரென ஐயுறலாம். தென்படாவிடினும் ஐயம் நீங்காது. கல்நார் கலவாத சீற்றும் தோற்றத்தில் அதனையே ஒக்கும். ஆய்வுகூடத்து நுணுக்குக்காட்டியே முடிவு கூறவல்லது. ஆதலின், பழஞ்சீற்றைக் கல்நாரென்றே கொள்க.

முழுமையாய்க் கிடக்குங்கால் அதனால் வரும் தீங்கு சிறிதே. அறுக்கும்போதும் துளைக்கும்போதும் உலரச் சுரண்டும்போதும் எழும் தூசி நுரையீரலிற் புகுந்தால், பல பத்தாண்டுகளின் பின்னும் புற்றுநோய் தோன்றக்கூடும்.

நீலக்கல்நார் இலங்கையில் 1987இல் தடைசெய்யப்பட்டது. வெண்கல்நாரையும் 2018 முதல் படிப்படியாக விலக்க அரசு எண்ணிற்று. 2017 டிசெம்பரில், சரக்கில் வண்டு கண்டதாகக் கூறி ருஷ்யா நமது தேயிலையை நிறுத்தியது. நமக்குக் கல்நாரைப் பெரிதும் விற்ற நாடும் அதுவே! அரசு தன் எண்ணத்தை ஒத்திவைத்தது; தேயிலைத் தடையும் நீங்கிற்று.

எனவே நம் கூரைகளை நாமே காத்தல் வேண்டும். பாசியை விட்டுவிடுக. சீற்றைக் கழற்ற நேரின், நீரால் நனைத்து உடையாமல் இறக்குக. சிதறிய துண்டுகளைப் பையிற் கட்டுக. பிள்ளைகள் விளையாடும் லயத்து வாசலிற் கொட்டற்க.