பாதுகாப்பின் விலை 5 டாலர்

அமெரிக்காவில் ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ விளையாட்டின் மாதச் சந்தா 14.99 டாலர். அதே 30 நாள் விளையாட்டு நேரத்தை டோக்கனாக வாங்கி, இன்னொரு வீரருக்கு விளையாட்டுத் தங்கத்துக்கு விற்க நினைப்பவர் கொடுக்க வேண்டியது 20 டாலர். வித்தியாசம் 5.01 டாலர், சந்தாவில் 33.4 சதவீதம். பரிமாற்றத்துக்கு நிறுவனமே பொறுப்பேற்பதற்கான விலை என்று இதைக் கொள்ளலாம். அதைக் கொடுப்பவர் யார், அதற்கு ஈடாகக் கிடைப்பது எவ்வளவு என்பதே இங்கே பார்க்கும் கணக்கு.

விளையாட்டுப் பணத்துக்கு வெளிமதிப்பு உண்டு என்பதை முதலில் எண்ணில் காட்டியவர்களில் ஒருவர் பொருளியலாளர் எட்வர்ட் காஸ்ட்ரோநோவா. ‘எவர்குவெஸ்ட்’ வீரர் ஒருவர் ஒரு மணி நேரத்தில் ஈட்டும் மதிப்பை 2001-ல் அவர் 3.42 டாலர் எனக் கணித்தார். 2008-ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ஹீக்ஸ் மதிப்பிட்டது வேறொரு தொகை: விற்பதற்காகவே தங்கம் சேர்க்கும் தொழிலாளர்கள் சுமார் 4,00,000 பேர், சராசரி மாத வருமானம் 145 டாலர். நாளுக்கு 10 மணி, மாதத்துக்கு 26 நாள் வேலை என்று வைத்தால் ஒரு மணிக்கு 56 சென்ட் வரும். காஸ்ட்ரோநோவாவின் தொகையில் இது ஆறில் ஒரு பங்கு. ஆண்டும் விளையாட்டும் வேறு என்பதால் இதை நேர் ஒப்பீடாகக் கொள்ள முடியாது. கூலியின் அளவை மட்டும் காட்டும்.

உலக வங்கியின் இன்ஃபோடெவ் திட்டம் 2011-ல் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய மூன்றாம் தரப்புச் சேவைகளின் 2009-ஆம் ஆண்டு வருவாயை சுமார் 300 கோடி டாலர் என்றது. விளையாட்டு நிறுவனங்களின் விதிகளுக்குப் புறம்பாகவே இதன் பெரும்பகுதி நடந்தது. பணத்தைப் பெற்றவர் தங்கத்தைத் தராமல் போனாலும், கொடுத்த தங்கம் களவாடப்பட்டதாக இருந்தாலும் வாங்கியவருக்கு முறையிட இடமில்லை. 2007 ஜனவரியில் ஈபே நிறுவனமும் இத்தகைய ஏலங்களை நீக்கியது.

அனுமதி பெற்ற சந்தை ஒன்று அதற்கு முன்பே திறந்திருந்தது. சோனி ஆன்லைன் நிறுவனம் 2005-ல் ‘எவர்குவெஸ்ட் 2’-க்காகத் தொடங்கிய ஸ்டேஷன் எக்ஸ்சேஞ்சில் முதல் ஆண்டு வணிகம் சுமார் 18.7 லட்சம் டாலர். நிறுவனத்துக்குக் கிடைத்தது 2,74,083 டாலர், அதாவது 14.7 சதவீதம். அதிகம் விற்ற ஒருவர் 351 ஏலங்களில் 37,435 டாலர் பெற்றார். ஓர் ஏலத்துக்குச் சராசரி 106.65 டாலர். எனினும் 300 கோடி டாலர் வெளிச்சந்தையின் பக்கத்தில் வைத்தால் 18.7 லட்சம் டாலர் 0.06 சதவீதம்தான்.

‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’டை நடத்தும் பிளிசார்ட் நிறுவனம் ‘டையப்லோ 3’-ல் இதே வழியை இன்னும் விரிவாக முயன்றது. அதன் பணச்சந்தை 2012 ஜூன் 12-ல் திறந்து, 2014 மார்ச் 18-ல் மூடப்பட்டது. ஆயுள் 644 நாள். தங்க விற்பனைக்குக் கட்டணம் 15 சதவீதம். விற்ற தொகையை வெளிக்கணக்குக்கு மாற்ற மேலும் 15 சதவீதம். 100 டாலருக்கு விற்றவர் கையில் சேர்ந்தது 72.25 டாலர். 2013 மே மாதம் தங்க விற்பனைத் தொகுதியை 10 லட்சத்திலிருந்து 1 கோடியாக உயர்த்தியபோது எழுந்த பிழையால் சிலர் இல்லாத தங்கத்தைப் பெருக்கிக்கொண்டனர். சந்தை அதிகாரபூர்வமானது என்பது மட்டும் காப்பாகாது என்று அந்த வாரம் காட்டியது.

வார்கிராஃப்ட் டோக்கன் வேறு அமைப்பு. 2015 ஏப்ரல் 7-ல் அமெரிக்க வட்டாரத்தில் தொடக்க விலை 30,000 தங்கக் காசு. விற்பனைக்கு வைக்கும் நொடியில் காட்டப்படும் விலையே விற்பவருக்கு உறுதி. இடையில் விலை சரிந்தாலும் அந்தத் தொகை குறையாது. ஒரு டோக்கன் ஒரே முறைதான் கைமாறும். வாங்கியவர் அதை மறுபடி விற்க முடியாது. ஆகவே பதுக்கலுக்கும் ஊக வணிகத்துக்கும் இடம் குறைவு. டாலராக மாற்றி வெளியே எடுக்கவும் வழியில்லை. கூலிக்குத் தங்கம் சேர்ப்பவரின் 145 டாலர் மாத வருமானத்துக்கு இந்தச் சந்தையில் கதவு கிடையாது.

ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் ‘ஈவ் ஆன்லைன்’ விளையாட்டில் 2008-ல் கொண்டுவந்த பிளெக்ஸ் என்னும் 30 நாள் நேர டோக்கன் இதற்கு மூத்தது. அதை வீரர்கள் தமக்குள் எத்தனை முறையும் விற்கலாம். சில காலம் கழித்துக் கப்பலில் ஏற்றிச் செல்லவும் அனுமதி கிடைத்தது. 2010-ல் ஒருவர் 74 பிளெக்ஸை ஒரு சிறு கப்பலில் ஏற்றிச் சென்றார். வழியில் கப்பல் தகர்க்கப்பட்டது. இழப்பு 2,220 நாள் விளையாட்டு நேரம், அதாவது 6 ஆண்டுக்குச் சற்று மேல். டாலரில் சுமார் 1,295, ஒன்றுக்கு 17.50. விற்பனை பாதுகாப்பாக இருந்தது, போக்குவரத்து இல்லை. 2017 மே மாதம் ஒரு பிளெக்ஸ் 500 சிறு அலகுகளாகப் பிரிக்கப்பட்டு, அவற்றை வைக்கத் தனிப் பெட்டகமும் வந்தது.

பிளெக்ஸ் இருப்பதால்தான் ஈவ் போர்களின் சேதத்தை டாலரில் சொல்ல முடிகிறது. 2014 ஜனவரியில் பி-ஆர்5ஆர்பி போரில் 75 டைட்டன் கப்பல்கள் அழிந்தன. சேதம் ஈவ் விளையாட்டின் நாணயத்தில் சுமார் 11 லட்சம் கோடி ஐஎஸ்கே. டாலரில் 3,00,000-க்குக் குறையாது என்றனர். இரண்டையும் வகுத்தால் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 3.67 கோடி ஐஎஸ்கே. அந்த 3,00,000 டாலரை அன்று யாரும் செலுத்தவில்லை. பல ஆண்டு உழைப்பில் கட்டிய கப்பல்களை, பிளெக்ஸ் விலையை அளவுகோலாக வைத்து மாற்றிச் சொன்ன தொகை அது.

இனி 5 டாலருக்குத் திரும்பலாம். 2022 மே வரை ஈவ் மாதச் சந்தா 14.95 டாலர், ஒரு மாதத்துக்கான 500 பிளெக்ஸ் 19.99 டாலர். வித்தியாசம் 5.04 டாலர், 33.7 சதவீதம். அந்த மாதம் சந்தா 19.99 ஆகவும் 500 பிளெக்ஸ் 24.99 ஆகவும் உயர்ந்தன. வித்தியாசம் 5.00 டாலர், 25 சதவீதம். இரு வேறு நிறுவனங்கள், இரு வேறு ஆண்டுகள். கூடுதல் தொகை மட்டும் 5 டாலரை விட்டு நகரவில்லை. ‘கில்ட் வார்ஸ் 2’-ல் காசுக்கு விற்கப்படும் ஜெம்மும் விளையாட்டுத் தங்கமும் இரு திசையிலும் மாறும். ஒரு திசைக்கு 15 சதவீதம் கழியும். 100 தங்கத்தை ஜெம்மாக்கி, அதே விலையில் மீண்டும் தங்கமாக்கினால் எஞ்சுவது 72.25. ‘ரூன்ஸ்கேப்’பில் வாங்கிய பாண்ட் என்னும் டோக்கனை மறுபடி விற்கத்தக்கதாக்க அதன் மதிப்பில் 10 சதவீதம் கட்ட வேண்டும். ஆக, கண்ட விகிதங்கள் 10-க்கும் 34-க்கும் இடையில் அடங்குகின்றன.

டாலர் கொடுப்பவரின் செலவு இப்படி முன்கூட்டியே தெரிந்தது. தங்கம் கொடுப்பவரின் செலவு அப்படியல்ல. 2017 பிப்ரவரியில் டோக்கனை பிளிசார்ட் கடையில் மட்டும் செலவிடத்தக்க 15 டாலர் இருப்பாக மாற்றிக்கொள்ள அமெரிக்க வட்டாரத்தில் அனுமதி வந்ததும், 60,000 அளவில் இருந்த விலை சில நாள்களில் 1,00,000 தங்கத்தைத் தாண்டியது. தொடக்க விலையோடு ஒப்பிட்டால் 3.33 மடங்கு. மணிக்கு 5,000 தங்கம் ஈட்டுபவர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். 30,000 விலையில் அவர் ஒரு மாத நேரத்தை 6 மணி உழைப்பில் பெறுவார். 1,00,000 விலையில் 20 மணி வேண்டும். மாதச் சந்தாவை அந்த மணிகளால் வகுத்தால் அவருடைய மணிக்கூலி 2.50 டாலரிலிருந்து 75 சென்ட்டாக இறங்கும். இடைப்பட்ட இரண்டு ஆண்டில் தங்கம் ஈட்டும் வேகமும் கூடியிருக்கலாம். இதை ஈடுகட்ட அது 3.33 மடங்காகியிருக்க வேண்டும்.

ஏமாற்றுக்காரரிடமிருந்து வீரரைக் காக்கும் எந்த ஏற்பாடும் நல்லதே. 5 டாலர் அதற்கு அதிகமென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் காப்பு, பொருள் கைக்கு வந்து சேரும் என்பதற்கு மட்டுமே, மதிப்புக்கு அல்ல. பணமுள்ளவர் தரும் 5 டாலர் ஆண்டுக்கணக்கில் அசையாமல் நிற்க, பணமில்லாமல் நேரத்தைத் தருபவரின் 6 மணி 20 மணியாகலாம். டோக்கன் விலையைத் தங்கத்தில் மட்டும் காட்டும் பலகையில், சராசரி வீரர் அதை ஈட்ட எடுக்கும் மணி நேரமும் ஓர் எண்ணாக இடம்பெற வேண்டும். அந்த எண்ணைக் கணக்கிடத் தேவையான தரவு முழுவதும் நிறுவனங்களின் கையிலேயே இருக்கிறது.