நெய்வேலிப் புகை யார் கணக்கில்?

கடலூர் மாவட்டத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எரித்துப் பெறும் மின்சாரம் தமிழ்நாட்டோடு நின்றுவிடுவதில்லை. கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, புதுச்சேரி ஆகியவற்றுக்கும் அதில் பங்கு உண்டு. மின்சாரம் இப்படிப் பங்கிடப்பட்டாலும், அதை உண்டாக்கும்போது புகைபோக்கி வழியே வெளியேறிய கார்பன் டை ஆக்சைடு முழுவதையும் தமிழ்நாட்டின் பெயரிலேயே எழுதுவதா, கொச்சியில் அந்த மின்சாரத்தில் விசிறி போட்டவர்களின் பங்கைப் பிரித்துக் கேரளத்தின் பெயரில் எழுதுவதா என்ற கேள்வி எஞ்சுகிறது. வளிமண்டலத்தில் வெப்பத்தைத் தேக்கிவைக்கும் கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு முதலிய பசுமைக்குடில் வாயுக்களைக் குறைப்பதாக உறுதி கூறும் அரசுகளும் நிறுவனங்களும், அந்த உறுதியை நிறைவேற்றினவா என்று பிறர் சரிபார்ப்பதற்கு முன், இக்கேள்விக்கு ஒரே விடையை ஏற்றுக்கொண்டாக வேண்டும்.

நாடுகளைப் பொறுத்தவரை விடை எளியது. ஐ.நா. காலநிலை உடன்படிக்கையின்கீழ், வாயு எந்த நாட்டின் எல்லைக்குள் வெளியேறுகிறதோ அந்த நாட்டின் கணக்கில் அது சேர்கிறது. ஆனால் ஒரே மின்தொகுப்பால் பிணைக்கப்பட்ட மாநிலங்களுக்கு இதே விதியை வைத்தால், மின்சாரத்தை வெளியிலிருந்து வாங்கும் மாநிலம் உழைக்காமலே தூய்மையானதாகத் தோன்றும். அமெரிக்காவின் கலிபோர்னியா 2006-இல் இயற்றிய சட்டம், அண்டை மாநிலங்களில் உற்பத்தியாகித் தன் எல்லைக்குள் வரும் மின்சாரத்தின் உமிழ்வையும் தன் கணக்கிலேயே சேர்த்து அந்த வழியை அடைத்தது. அண்டை மாநிலமும் அதே டன்னைத் தன் கணக்கில் எழுதினால் ஒரு டன் இரண்டாகிவிடும் என்பதால், இத்தகைய விதியைத் தனியொரு மாநிலம் வகுத்தால் போதாது. மற்றவற்றோடு உடன்பாடும் வேண்டும். 2007-இல் அமெரிக்க மாநிலங்களும் கனடாவின் மாகாணங்களும் சேர்ந்து ‘தி கிளைமேட் ரெஜிஸ்ட்ரி’ என்ற பொதுப் பதிவேட்டைத் தொடங்கியது இந்தத் தேவையை உணர்ந்துதான்.

நிறுவனங்களின் கணக்கில் இதே சிக்கல் வேறு வடிவில் வருகிறது. ஒரு நிறுவனம் தானே எரிக்கும் எரிபொருளின் உமிழ்வு முதல் வகை என்றும், அது வெளியிலிருந்து வாங்கும் மின்சாரத்தை உண்டாக்கியதால் ஏற்பட்ட உமிழ்வு இரண்டாம் வகை என்றும் பிரிக்கப்படுகின்றன. நெய்வேலியின் திறந்தவெளிச் சுரங்கங்களில் மேல்மண்ணை வாரியெடுக்கும் பிரம்மாண்டமான சக்கர இயந்திரங்கள் மின்சாரத்தில் இயங்குபவை. சுரங்கமும் மின்நிலையமும் என்.எல்.சி. என்ற ஒரே நிறுவனத்தின் உடைமை என்பதால், அந்த இயந்திரங்களுக்குச் செலவாகும் மின்சாரத்தின் உமிழ்வு ஒருமுறை மட்டுமே எழுதப்படுகிறது. இரண்டும் தனித்தனி நிறுவனங்களாக இருந்திருந்தால், மின்நிலையத்தின் முதல் வகையிலும் சுரங்கத்தின் இரண்டாம் வகையிலும் அதே டன் இடம்பெற்றிருக்கும். நிறுவனங்களின் அறிக்கைகளைக் கூட்டி ஒரு மாநிலத்தின் உமிழ்வைக் கண்டுவிடலாம் என்ற எண்ணம் தவறாவது இதனால்தான்.

நெய்வேலிப் புகை இன்று எத்தனை ஏடுகளில் ஏறுகிறது என்று பார்த்தால் சிக்கலின் அளவு புரியும். மத்திய மின்சார ஆணையம் 2006 முதல் வெளியிட்டுவரும் கார்பன் தரவுத்தொகுப்பு, மின்நிலையம் மின்நிலையமாகக் கணக்குக் காட்டுகிறது. பங்குச் சந்தையில் மதிப்பில் முதல் 1000 இடங்களில் உள்ள நிறுவனங்கள் 2022-23 நிதியாண்டு முதல் செபிக்கு அளித்தாக வேண்டிய பொறுப்பு அறிக்கையில், நிறுவனம் முழுவதற்கும் சேர்த்து ஒரே தொகை வருகிறது. என்.எல்.சி.க்கு ராஜஸ்தானில் மின்நிலையமும் ஒடிசாவில் சுரங்கமும் இருப்பதால், அதிலிருந்து கடலூர் மாவட்டத்தின் பங்கை மட்டும் பிரித்தெடுக்க இயலாது. எரிசக்தித் திறன் பணியகம் 2012 முதல் நடத்திவரும் ‘பாட்’ திட்டமோ உமிழ்வைக் கேட்பதில்லை. ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் செலவாகும் எரிசக்தியைக் கேட்கிறது. இவற்றுக்கெல்லாம் மேலாக, நாட்டின் மொத்தக் கணக்கை ஐ.நா.வுக்கு அளிப்பது மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம். 2024 டிசம்பரில் அது அளித்த அறிக்கையின்படி, காடுகள் ஈர்த்துக்கொண்டதைக் கழிக்காமல், 2020-இல் இந்தியாவின் உமிழ்வு ஏறத்தாழ 296 கோடி டன். அதில் முக்கால் பங்கு எரிசக்தித் துறையினுடையது. அந்தக் கணக்கு மாநில வாரியாகப் பிரிக்கப்படுவதில்லை.

ஏடுகள் பலவாக இருப்பது குற்றமன்று. அவை ஒன்றையொன்று அறியாமல் இருப்பதே குறை. எரிபொருளின் வெப்ப ஆற்றலைக் கார்பன் டை ஆக்சைடு அளவாக மாற்றும் குணகம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி தோண்டியெடுக்கும்போது எடையில் ஏறத்தாழ பாதி ஈரம் கொண்டது. பன்னாட்டுக் காலநிலைக் குழு பழுப்பு நிலக்கரிக்குப் பொதுவாகத் தரும் குணகம் ஒரு டெராஜூல் வெப்பத்துக்கு 101 டன். இந்தியா தன் முதல் தேசிய அறிக்கையில் கையாண்ட குணகம் சுமார் 106 டன். இரண்டுமே முறையானவைதாம். ஆனால் ஒருவர் ஒன்றையும் மற்றவர் இன்னொன்றையும் எடுத்துக்கொண்டால், அதே கொதிகலனின் அதே ஆண்டுக் கணக்கில் 5 விழுக்காடு வேறுபாடு தோன்றிவிடும். பல ஆண்டுகள் பாடுபட்டுப் பெறும் திறன் மேம்பாட்டைக்கூட இந்த வேறுபாடு விழுங்கிவிடக்கூடும்.

மின்சாரம் வாங்குபவரின் பக்கம் இதைவிட விந்தையானது. தென்னக மின்தொகுப்பு 2013 டிசம்பர் 31 அன்று நாட்டின் பிற தொகுப்புகளோடு இணைக்கப்படுவதற்கு முன் தெற்கிற்கென்று தனி உமிழ்வுக் குணகம் இருந்தது. பின்னர் நாடு முழுவதற்கும் ஒரே குணகம் என்றாயிற்று. சிதம்பரத்தில் உள்ள ஒரு கல்வி நிறுவனம் இன்று தன் இரண்டாம் வகை உமிழ்வைக் கணக்கிட்டால், அதே மாவட்டத்தின் நெய்வேலியில் ஒரு யூனிட்டுக்கு ஒரு கிலோவுக்கும் மேல் உமிழப்படுவதைப் பொருட்படுத்தாமல், நாட்டின் சராசரியாகிய சுமார் 0.7 கிலோவையே எழுதும். இது ஏமாற்று அன்று. கம்பியில் வரும் மின்சாரம் எந்தக் கொதிகலனிலிருந்து வந்தது என்று பிரித்தறிய வழியில்லாதபோது, எல்லோரும் ஒரே சராசரியை ஏற்பதே கணக்கை இசைவிக்கும் வழி.

கொதிகலனுக்காவது எரித்த எரிபொருளின் கணக்கு உண்டு. சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் வட்டாரத்துக் கடைமடை வயல்களுக்கு அதுவும் இல்லை. நீர் தேங்கிய நெல்வயலில் காற்றுப் புகாத சேற்றிலிருந்து வெளியேறும் மீத்தேன், சாகுபடிப் பரப்பையும் நீர் நிற்கும் முறையையும் கொண்டு மதிப்பிடப்படுகிறது. வயலைக் காயவிட்டுப் பாய்ச்சும் ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ முறை மீத்தேனைக் குறைக்கும் என்பது உறுதியானதே. எனினும் வடகிழக்குப் பருவமழையில் மேல்மடை நீரும் வந்து சேர, வடிய வழியின்றித் தவிக்கும் சம்பா வயலில், காயவிடுவது உழவர் கையில் இல்லை. இதை அறியாமல் ஏட்டில் எழுதப்படும் குறைப்பு வெறும் எண்ணே. போதாக்குறைக்கு, ஒரு டன் மீத்தேன் எத்தனை டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம் என்பதே பன்னாட்டுக் காலநிலைக் குழுவின் 1995-ஆம் ஆண்டு மதிப்பீட்டில் 21 ஆகவும், பாரிஸ் ஒப்பந்தத்தின் அறிக்கைகளுக்குரிய ஐந்தாம் மதிப்பீட்டில் 28 ஆகவும் இருப்பதால், எந்த மதிப்பீட்டைக் கொண்டது என்று சொல்லாத தொகையை இன்னொரு வட்டாரத்தின் தொகையோடு ஒப்பிடுவதில் பொருளில்லை.

உமிழ்வை அறிவிப்பது ஒன்று; குறைத்த உமிழ்வை விற்கவும் வாங்கவும் உதவும் பதிவேடு மற்றொன்று. பின்னதில் ஒவ்வொரு டன்னுக்கும் தனி எண் உண்டு. பயன்படுத்தியதும் அந்த எண் ரத்தாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2005-இல் கார்பன் சந்தையைத் தொடங்கியபோது உறுப்பு நாடு ஒவ்வொன்றும் தனித்தனிப் பதிவேட்டை வைத்திருந்தது. 2011 ஜனவரியில் செக் குடியரசு உள்ளிட்ட நாடுகளின் பதிவேடுகளுக்குள் இணையவழியில் ஊடுருவியவர்கள் உமிழ்வு உரிமங்களைத் திருடினர். ஒன்றியம் முழுவதும் பரிமாற்றத்தை நிறுத்திவைக்க நேர்ந்தது. காவல் குறைந்த ஒரு வாசல் எல்லோருடைய கருவூலத்தையும் திறந்துவிட்டது. 2012-இல் அவை ஒரே பதிவேட்டின்கீழ் கொண்டுவரப்பட்டன.

இந்தியா அந்தத் தவற்றைத் தொடக்கத்திலேயே தவிர்த்திருக்கிறது. 2023 ஜூனில் அறிவிக்கப்பட்ட கார்பன் வரவு வணிகத் திட்டத்தில், தேசிய மின்தொகுப்பை இயக்கும் கிரிட் கன்ட்ரோலர் நிறுவனமே நாடு முழுவதற்கும் பதிவேட்டாளர். எரிசக்தித் திறன் பணியகம் நிர்வாகி. ஆனால் இலக்கு விதிக்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதற்கட்டத் துறைகளில் சிமென்ட், அலுமினியம், உரம், உருக்கு முதலியவை இருக்க, அனல் மின்நிலையங்கள் இடம்பெறவில்லை. நாட்டின் மிகப் பெரிய உமிழ்வு வாயிலை வெளியே வைத்துத் தொடங்கும் பதிவேடு, எவ்வளவு செம்மையாக நடத்தப்பட்டாலும் குறையுள்ள பதிவேடே.

அத்திட்டத்தின் இன்னொரு பிரிவு, இலக்கு இல்லாதவர்களும் தாமாக முன்வந்து வரவு ஈட்ட இடம் தருகிறது. 2025-இல் அதற்கென ஏற்கப்பட்ட கணக்கீட்டு முறைகளுள் அலையாத்திக் காடு வளர்ப்பும் ஒன்று. சிதம்பரத்தை அடுத்த, 2022-இல் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட பிச்சாவரத்துக்கு இது புதிய கேள்விகளைக் கொண்டுவருகிறது. உப்பு மிகுந்து காடு அழிந்த பள்ளங்களில், எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டிக் கடல்நீர் ஏறி இறங்க வழிசெய்து ஏற்கெனவே மீட்ட மரங்களுக்கு வரவு கிடையாது. இனி கூடுதலாக வளர்வதற்கே அது கிடைக்கும். அந்த வரவை வெளிநாடு ஒன்று தன் இலக்குக்காக வாங்கினால், பாரிஸ் ஒப்பந்தத்தின் ஆறாம் பிரிவுப்படி அந்த டன் இந்தியாவின் கணக்கில் திரும்பக் கூட்டப்பட வேண்டும். 2030-க்குள் காடுகளின் வழியே 250 முதல் 300 கோடி டன் வரை கூடுதலாக ஈர்ப்பதாக உறுதி கூறியுள்ள நாடு, விற்ற மரத்தை அந்த உறுதிக்குள் மீண்டும் எண்ணக் கூடாது. அதற்குப் பிச்சாவரத்தின் ஒவ்வொரு நடவுப் பரப்பும் வனத்துறையின் ஏட்டிலும், கார்பன் பதிவேட்டிலும், அமைச்சகத்தின் தேசியக் கணக்கிலும் ஒரே அடையாள எண்ணோடு இருக்க வேண்டும். அந்த எண்ணை வழங்குவது யார் என்பதை முதல் வரவு விற்பனைக்கு வருவதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும்.