துறைமுக லாரியின் கேபின்: எவ்வளவு வசதி தேவை?

சென்னைத் துறைமுகத்துக்கும், 2001-இல் செயல்படத் தொடங்கி 2014-இல் காமராஜர் துறைமுகம் என்று பெயர் மாற்றப்பட்ட எண்ணூர்த் துறைமுகத்துக்கும் கண்டெய்னர் ஏற்றிச் செல்லும் டிரெய்லர் லாரிகளில், கேபின் எனப்படும் ஓட்டுநர் அறை வண்டி ஓட்டும் இடம் மட்டுமன்று. வரிசை நகராத இரவுகளில் படுக்கையறையும் அதுவே. ஆகவே, படுக்கையும் குளிர்சாதனமும் கொண்ட முழு வசதிக் கேபினை வாங்குவதா, இருக்கைகள் மட்டுமுள்ள எளிய கேபின் போதுமா என்று லாரி உரிமையாளர் எடுக்கும் முடிவில், வாகனத்தின் விலையோடு ஓட்டுநரின் உறக்கமும் அடங்கியுள்ளது.

பட்டறையிலிருந்து தொழிற்சாலைக்கு

இந்தியாவில் நெடுங்காலம் லாரி என்பது எஞ்சினும் சக்கரங்களும் முன்முகமும் மட்டும் பொருத்திய சேசிஸாக, அதாவது வெறும் அடிச்சட்டமாகவே பெரும்பாலும் விற்கப்பட்டது. 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி, 1955-இல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறிய எண்ணூர் நிறுவனத்தின் சேசிஸ்களும், நாமக்கல் போன்ற ஊர்களில் பாடி கட்டும் பட்டறைகளுக்குச் சென்று, மரமும் தகரமும் சேர்ந்த கேபினைப் பெற்றன. அத்தகைய கேபினுக்குச் செலவு குறைவு. பழுது பார்ப்பதும் எளிது. ஆனால் மோதலின்போது அது தரும் பாதுகாப்பும் குறைவே. பின்னர் பரவலான, தொழிற்சாலையிலேயே எஃகால் செய்து வலிமை சோதிக்கப்பட்ட கேபின்கள், படுக்கை இல்லாத 'டே கேபின்' என்றும், இருக்கைக்குப் பின்னால் படுக்கை கொண்ட 'ஸ்லீப்பர் கேபின்' என்றும் இரு வகைப்படும்.

மத்திய அரசு 2023 டிசம்பரில் வெளியிட்ட அறிவிக்கை, 2025 அக்டோபர் 1 முதல் தயாரிக்கப்படும் என்2, என்3 வகை லாரிகளின் கேபினில் குளிர்சாதனத்தைக் கட்டாயமாக்கியது. மொத்த எடை 3.5 டன்னுக்கு மேல் 12 டன் வரை உள்ளவை என்2 என்றும், அதற்கு மேற்பட்டவை என்3 என்றும் வகுக்கப்படுவதால், கண்டெய்னர் லாரிகள் இரண்டாவது வகையில் அடங்கும். எனவே புது வண்டி வாங்குவோருக்குக் குளிர்சாதனம் இனி விருப்பத் தேர்வன்று; பழைய வண்டி வாங்குவோருக்கே அந்தக் கேள்வி எஞ்சியுள்ளது.

எஞ்சின் நின்றால் குளிர்ச்சியும் நிற்கும்

லாரியின் வழக்கமான குளிர்சாதனம் எஞ்சின் சுழற்சியிலிருந்தே ஆற்றல் பெறுவதால், வண்டி நிற்கும்போதும் குளிர்ச்சி வேண்டுமென்றால் எஞ்சினை ஓடவிட்டாக வேண்டும். கனரக லாரி இவ்வாறு நின்றபடி ஓடும்போது மணிக்குச் சுமார் 3 லிட்டர் டீசல் செலவாகிறது என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. சிறிய எஞ்சின்களில் இது குறையுமாயினும், இரவு முழுவதும் ஓடவிட்டால் ஒரு நடையின் வருமானத்தில் அது கணிசமான பங்கை விழுங்கும் என்பதோடு, வரிசையில் நிற்கும் வண்டிகளின் புகை சாலையோரக் குடியிருப்புகளுக்குள்ளும் புகும்.

மாற்றாக, பேட்டரியில் இயங்கும் 'பார்க்கிங் கூலர்' எனும் தனிக் கருவி உண்டு. 24 வோல்ட்டில் 150 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள பேட்டரித் தொகுதியில் ஏறத்தாழ 3.6 யூனிட் மின்சாரம் இருக்கும். காலையில் எஞ்சினைக் கிளப்பவும் பேட்டரியின் ஆயுளைக் காக்கவும் அதில் பாதியை விட்டுவைத்தால், 500 வாட் கருவி நான்கு மணி நேரம்கூடத் தாங்காது. கூடுதல் பேட்டரி சேர்த்தால் நேரம் நீளும், செலவும் உயரும். 20 வாட் மின்விசிறியோ விடியும்வரை சுழலும். எனினும் ஈரம் செறிந்த கடற்காற்றில் வியர்வை எளிதில் உலராததால், விசிறி தரும் ஆறுதலுக்கும் எல்லையுண்டு.

தூரமா, காத்திருப்பா?

துறைமுகத்திலிருந்து மணலி, மாதவரம் போன்ற இடங்களின் சரக்குப் பெட்டக நிலையங்களுக்குச் செல்லும் தொலைவு குறைவு என்பதால், டே கேபினே போதும் என்று தோன்றும். ஆனால் 2010-களில் துறைமுக வாயில் நெரிசலால் எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் மணிக்கணக்கிலும், சில வேளைகளில் நாள்கணக்கிலும் நின்ற அனுபவம், கிலோமீட்டரைவிடக் காத்திருப்பையே அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என்று காட்டுகிறது. பகலிலேயே நடை முடியும் வண்டிக்கு எளிய கேபின் சிக்கனமானது. இரவு வரிசையில் நிற்க நேரும் வண்டிக்கு, அது ஓடும் தூரம் எவ்வளவு குறைவாயினும், படுக்கை அடிப்படைத் தேவையாகும்.

கேபினுக்குள் அடங்காதவை

படுக்கை, காற்று, விளக்கு ஆகியவற்றை வண்டி தரலாம். கழிப்பறை, குளியல், சமையல் ஆகியவற்றை லாரிக் கேபின் தர இயலாது. மூடிய கேபினுக்குள் அடுப்பு மூட்டுவது, நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு சேரவும் தீப்பிடிக்கவும் வழி செய்யும் என்பதால், தண்டையார்பேட்டை எண்ணெய்க் கிடங்குகளை ஒட்டிய பகுதியில் அது இரட்டை அபாயமாகும். 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளொன்றுக்கு 8 மணி நேர வேலை என்று வரையறுத்ததோடு, தொழிலாளர் இரவில் தங்க நேரும் இடங்களில் ஓய்வறை அல்லது அதற்கு ஈடான தங்குமிடம் வேண்டும் என்றும் விதித்தது. ஐரோப்பிய ஒன்றியமோ, தகுந்த படுக்கை வசதி இருந்தால் நிறுத்திய வண்டியிலேயே அன்றாட ஓய்வை எடுக்க அனுமதித்தாலும், 45 மணி நேர முழு வார ஓய்வை எத்தனை வசதியான கேபினிலும் எடுக்கக் கூடாது என்று தடுக்கிறது.

ஆகவே உரிமையாளர் முதலில் கணக்கிட வேண்டியது, மாதத்தில் எத்தனை இரவுகள் வண்டி வரிசையில் நிற்கிறது என்பதையே. அந்த எண்ணிக்கை மிகுந்தால் ஸ்லீப்பர் கேபினுக்கான கூடுதல் செலவு நியாயமானது. ஆனால் நிறுத்துமிடமும் கழிப்பறையும் ஓய்வறையும் சாலையோரத்தில் அமையாதவரை, விலை உயர்ந்த கேபினும் பாதித் தீர்வே.